கண்டவர் பலர், நோக்கியவர் ஒருவர்: சர் ஜேம்ஸ் பேஜட்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள் நம் பெரியோர். பிறருடைய வலியை நாம் கண்ணால் காண முடியாது. காயம் இருந்தால் நம்புகிறோம். வீக்கம் இருந்தால் இரக்கப்படுகிறோம். வெளியே ஒன்றுமே தெரியாவிட்டால் என்ன செய்கிறோம்? நம்ப மறுக்கிறோம்.

ஒரு பெண்ணுக்கு ஒரு விரலின் நுனியில் மட்டும் வலி என்று வைத்துக்கொள்வோம். விரல் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் குளிர்ந்த நீரில் கை பட்டால் துடிக்கிறாள். கதவில் விரல் லேசாக இடித்தால் உயிர் போகிறது. ஒரு மருத்துவர் வாதம் என்கிறார். மற்றொருவர் நரம்புத் தளர்ச்சி என்கிறார். வீட்டாரோ வேலை செய்ய மனமில்லாமல் நடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இப்படியே ஆண்டுகள் கழிகின்றன. உண்மையில் அவள் நகத்தின் அடியில் கடுகினும் சற்றே பெரிய ஒரு கட்டி ஒளிந்துகொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அத்தனை துன்பமும் தீர்ந்துவிடும்!

இவ்வகைக் கட்டிகள் அரியவை. அரியவை என்பதாலேயே கண்டுபிடிக்கப்படாமல் போகின்றவை. இத்தகைய கட்டிகளைத் தக்க முறையில் ஆராய்ந்து, வகைப்படுத்தி, எதை அறுக்க வேண்டும், எதை அறுக்கக் கூடாது என்று உலகுக்குச் சொன்ன முன்னோடிகளுள் தலைசிறந்தவர் ஒருவர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர்தாம் சர் ஜேம்ஸ் பேஜட். அவர் வாழ்க்கை மருத்துவம் படிப்போருக்கு மட்டுமன்றி, எத்துறை மாணவருக்கும் பாடமாக அமைந்த வாழ்க்கையாகும்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் யார்மத் என்ற துறைமுக நகரம் உள்ளது. மீன்பிடித் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே 1814ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11ஆம் நாள் ஜேம்ஸ் பேஜட் பிறந்தார். தந்தையார் சாமுவேல் பேஜட் மதுவடிக்கும் ஆலைக்கும் கப்பல்களுக்கும் உரிமையாளர்; 1817இல் அவ்வூர் மேயராகவும் விளங்கியவர். பதினேழு குழந்தைகள் பிறந்த பெரிய குடும்பம் அது.

செல்வம் நிலைப்பதில்லை அல்லவா? ஜேம்ஸ் வளர வளரத் தந்தையின் வாணிகம் தேய்ந்தது. மூத்த பிள்ளைகள் பெயர்பெற்ற பள்ளியில் பயின்றார்கள். ஜேம்ஸுக்கு உள்ளூர்ப் பள்ளியே கிடைத்தது. கடற்படையில் சேர வேண்டும் என்பது சிறுவனின் கனவு. தாயின் மனம் அதற்கு இசையவில்லை. எனவே 1830இல், தம் பதினாறாம் வயதில், சார்லஸ் காஸ்டர்ட்டன் என்ற உள்ளூர் அறுவை மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். மருந்து கலப்பது, கட்டுப் போடுவது, கணக்கு எழுதுவது என்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடின.

ஓய்வு நேரத்தை அவர் வீணாக்கவில்லை. வயல்வெளியிலும் கடற்கரையிலும் அலைந்து செடிகளைச் சேகரித்தார். உடன்பிறந்த சார்லஸ் பூச்சிகளைச் சேகரித்தார். இருவருமாகச் சேர்ந்து யார்மத் நகரத்தின் இயற்கை வரலாற்றை ஒரு நூலாக 1834இல் வெளியிட்டார்கள். அப்பொழுது ஜேம்ஸுக்கு வயது இருபது. ஒரு செடிக்கும் மற்றொரு செடிக்கும் உள்ள சிறு வேற்றுமையைக் கண்டறிவது, கண்டதைச் சுருக்கமாகவும் பிழையின்றியும் எழுதுவது ஆகிய இரண்டு பழக்கங்களும் அப்போதே படிந்துவிட்டன. கட்டிகளை வகைப்படுத்தப் போகும் கைகள் முதலில் செடிகளை வகைப்படுத்திப் பழகின.

தசையில் தெரிந்த வெண்புள்ளிகள்

1834ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் இலண்டன் சென்று புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். 1123இல் நிறுவப்பெற்ற மிகப் பழைய மருத்துவமனை அது. அங்கே முதலாண்டு மாணவராக இருந்தபோதே ஓர் அரிய செயல் நிகழ்ந்தது.

1835 பிப்ரவரியில் உடற்கூறு அறையில் ஒரு பிணத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். தசைகளில் மணல் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தென்பட்டன. அவை புதியவை அல்ல. அதற்கு முன்பும் அத்தகைய புள்ளிகளைப் பலர் பார்த்ததுண்டு. கத்தியின் கூரை மழுக்கும் எலும்புத் துணுக்குகள் என்று சொல்லி ஒதுக்கிவிட்டிருந்தனர். ஆசிரியர்களும் பார்த்தார்கள், மாணவர்களும் பார்த்தார்கள். பேஜட் மட்டும் நின்று நோக்கினார். ஒரு புள்ளியை எடுத்துக் கைக்கண்ணாடியால் பார்த்தார். உள்ளே ஏதோ சுருண்டு கிடந்தது. மேலும் பார்க்க நல்ல நுண்ணோக்கி வேண்டும். மருத்துவமனையில் அதற்குத் தக்கது இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஓடினார். அங்கே இருந்த புகழ்பெற்ற தாவரவியலறிஞர் இராபர்ட் பிரவுனின் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். புள்ளி ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு புழு சுருண்டிருந்தது!

விலங்கியல் பாடத்தில் டிரைக்கினெல்லா ஸ்பைராலிஸ் என்று நாம் படித்து, படம் வரைந்து, பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்குகிறோமே, அந்த உருளைப்புழுதான் அது. ரிச்சர்டு ஓவன் என்ற பேரறிஞர் அதே மாதத்தில் அதனை விவரித்துப் பெயர் சூட்டினார். புகழின் பெரும்பகுதி ஓவனுக்குச் சென்றது. இருபத்தொரு வயது மாணவர் அதற்காக வழக்காடவில்லை; தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

காண்பது வேறு, நோக்குவது வேறு. பேஜட்டின் வாழ்நாள் முழுவதையும் இந்த ஒரு வேற்றுமையில் அடக்கிவிடலாம்.

வறுமையில் வளர்ந்த அறிவு

1836இல் அறுவை மருத்துவர் கல்லூரியின் தேர்வில் வெற்றி பெற்றார். ஆனால் வாழ்க்கை வழிவிடவில்லை. அக்காலத்தில் பெரிய அறுவை மருத்துவரிடம் உதவியாளராக அமர்ந்து புண்ணுக்குக் கட்டுப் போடும் பயிற்சி பெறவும் பணம் கட்ட வேண்டும். அவரிடம் பணம் இல்லை. ஆகவே மருத்துவமனைப் படிகளில் ஏற வேண்டிய முறைப்படி அவரால் ஏற முடியவில்லை.

மருத்துவ இதழ்களுக்கு எழுதினார். பிறமொழி நூல்களைப் படித்துச் சுருக்கம் எழுதித் தந்தார். ஜெர்மன் மொழியைத் தாமே கற்றுக்கொண்டார். கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரைகள் எழுதினார். கிடைத்த வருவாய் சிறிது. அதிலும் ஊருக்கு அனுப்ப வேண்டியது உண்டு. 1836இல் லிடியா நார்த் என்னும் நங்கையுடன் திருமணம் உறுதி செய்யப்பட்டது. ஆனால் குடும்பம் நடத்தும் அளவுக்கு வருவாய் வருவதற்கு எட்டு ஆண்டுகள் ஆயின. 1844இல்தான் திருமணம் நடந்தது. எட்டு ஆண்டுகள் காத்திருந்த அந்த அம்மையாரின் பொறுமையையும் நாம் போற்றத்தான் வேண்டும்.

தந்தையின் கடன்களையும் அவர் மறக்கவில்லை. சட்டப்படி அவர் கொடுக்க வேண்டியதில்லை. இருந்தும், பின்னாளில் கேம்பிரிட்ஜில் பேராசிரியராகத் திகழ்ந்த அண்ணன் ஜார்ஜுடன் சேர்ந்து, பல்லாண்டுகள் உழைத்து அக்கடன்களை அடைத்தார்.

கண்ணாடிச் சீசாக்களே ஆசிரியர்கள்

1837இல் அவருக்குக் கிடைத்த பணி மருத்துவமனை அருங்காட்சியகத்தின் காப்பாளர் வேலை. கண்ணாடிச் சீசாக்களில் சாராயத்தில் ஊறும் கட்டிகளையும் எலும்புகளையும் துடைத்து அடுக்கும் வேலை என்று பலர் எண்ணியிருக்கலாம். பேஜட்டுக்கு அதுவே பல்கலைக்கழகமாயிற்று.

அடுத்து இன்னும் பெரிய பணி வந்தது. ஜான் ஹன்ட்டர் என்ற மாபெரும் அறுவை மருத்துவர் 1793இல் மறைந்தபோது ஆயிரக்கணக்கான உடற்பகுதிகளைச் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். அவை அறுவை மருத்துவர் கல்லூரியின் உடைமையாயின. ஆனால் அவற்றைப் பற்றிய ஹன்ட்டரின் கையெழுத்துக் குறிப்புகளில் பெரும்பகுதியை அவருடைய மைத்துனர் எவரார்டு ஹோம் எரித்துவிட்டார்! சீசா இருக்கிறது, உள்ளே கட்டி இருக்கிறது, அது யாருடையது, என்ன துன்பம் தந்தது என்ற செய்தி பலவற்றுக்கு இல்லை. இந்த நோயியல் பகுதிக்கு விளக்கப் பட்டியல் எழுதும் பொறுப்பு பேஜட்டிடம் வந்தது. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, தொட்டுப் பார்த்து, வெட்டிப் பார்த்து, அளவாக விவரித்தார். 1846 முதல் 1849 வரை அப்பட்டியல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது.

இப்பயிற்சியே அவரை உருவாக்கியது. கண்ணால் கண்ட கட்டியையும், நுண்ணோக்கியில் கண்ட திசுவையும், படுக்கையில் கண்ட நோயாளியையும் ஒன்றாக இணைத்துப் பார்க்கும் ஆற்றல் அக்காலத்தில் மிகச் சிலருக்கே இருந்தது. அச்சிலருள் பேஜட் முன்னின்றார்.

1847இல் மருத்துவமனையில் உதவி அறுவை மருத்துவர் பதவிக்குப் போட்டியிட்டார். முறையான பயிற்சிப் படிகளில் ஏறாதவர் என்று எதிர்ப்பு எழுந்தது. பணம் இல்லாததால் ஏற முடியாத படிகளையே குற்றமாகச் சுட்டினார்கள். எனினும் வெற்றி பேஜட்டுக்கே. அதே ஆண்டில் அறுவை மருத்துவர் கல்லூரியில் பேராசிரியராகவும் அமர்ந்தார். அங்கே ஆறு ஆண்டுகள் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1853இல் அறுவை நோயியல் பற்றிய பெருநூலாக வெளிவந்தன. கட்டிகளைப் பற்றிய அறிவுக்கு அந்நூல் நெடுங்காலம் வழிகாட்டியாக விளங்கியது.

சிறு கட்டி, பெரு வலி

அந்நூலில் பேஜட் விளக்கிய கட்டிகளுள் ஒன்று தோலின் அடியில் தோன்றும் வலிமிகு கட்டி. 1812இல் எடின்பரோ மருத்துவ இதழில் வில்லியம் உட் என்ற அறுவை மருத்துவர் இதனைத் தனி நோயாகக் காட்டியிருந்தார். பட்டாணி அளவுதான் இருக்கும். கை கால்களிலேயே பெரும்பாலும் தோன்றும். ஆடை உரசினாலே தாங்க முடியாத வலி எழும். வலி அலை அலையாக வரும், பிறகு அடங்கும்.

இவ்வளவு சிறிய கட்டி இவ்வளவு பெரிய வலியைத் தருவானேன்? நரம்பின்மேல் வளர்ந்த கட்டி என்று சொன்னவர் உண்டு. ஆனால் அறுத்துப் பார்த்தபோது பல கட்டிகளில் நரம்பு எதுவும் கண்ணுக்குத் தென்படவில்லை. அதைவிட நூறு மடங்கு பெரிய கொழுப்புக் கட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வலியின்றி நடப்பவரும் உண்டு. ஆகவே வலியின் அளவைக் கொண்டு கட்டியின் அளவையோ, கட்டியின் அளவைக் கொண்டு வலியின் அளவையோ கணிக்க முடியாது. இது பேஜட் காலத்து மருத்துவம் எதிர்கொண்ட புதிர்.

இங்கே மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1873இல் பேஜட் மற்றொரு பொருள் பற்றிச் சொற்பொழிவாற்றினார். உடலில் நோய் இல்லாமலே மூட்டு நோய்போலவும் முதுகெலும்பு நோய்போலவும் தோற்றம் தரும் நரம்பு நிலைகளைப் பற்றியது அது. அத்தகைய நோயாளிகளைப் பொய்யர் என்று பலர் ஏசிவந்த காலம். பேஜட் அவர்களை நடிப்பவர்கள் என்று தள்ளவில்லை. துன்பம் உண்மை, காரணம்தான் வேறு என்று கருதினார். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது என்பதை நாம் மறைக்கக் கூடாது. மருத்துவர் சரியாகத் தேடாவிட்டால், நகத்தடியில் கட்டி உள்ளவரும் மனநோயாளி என்ற பட்டியலில் சேர்ந்துவிடுவார். அப்படிச் சேர்க்கப்பட்டவர் எத்தனை பேரோ! முதலில் விரலைத் தேடு. பிறகு மனத்தைத் தேடு என்பதே பின்வந்தோர் கற்ற பாடம்.

அறுப்பதும் அறுக்காமல் விடுவதும்

அக்கால அறுவை மருத்துவம் எத்தகையது? 1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கமருந்து வெளிப்படையாகக் காட்டப்படும் வரை, நோயாளியை நாலு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள அறுத்தார்கள். புண் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867இல். அதுவரை சிறு அறுவையும் உயிரைப் பறிக்கக் கூடியதாக இருந்தது. வேகமாக வெட்டுபவரே வீரர் என்று பாராட்டப்பட்டார்.

பேஜட் அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர். கத்தியை எடுக்குமுன் நெடுநேரம் சிந்திப்பவர். கட்டி எந்த இயல்பினது என்று தெரிந்தால்தான் எவ்வளவு வெட்டுவது என்பது தெரியும் என்று கற்பித்தார். எலும்பில் தோன்றும் ஒருவகை மச்சைக் கட்டிக்கு முழுக் கையையோ காலையோ வெட்டி எறிவது அன்றைய வழக்கம். கட்டியை மட்டும் எடுத்தால் போதும், உறுப்பைக் காக்கலாம் என்று வற்புறுத்திய முதல்வர்களுள் அவர் ஒருவர். மறுபுறம், பார்வைக்குச் சாதுவாக இருந்தும் எடுக்க எடுக்க அதே இடத்தில் மீண்டும் முளைக்கும் நார்க்கட்டிகளைத் தனியே பிரித்துக் காட்டி எச்சரித்தார். அறுவையால் நேரும் இடர்களைப் பற்றியே மாணவர்களுக்குத் தனிப் பாடம் நடத்தினார். வெற்றியைப் பேசுவோர் பலர்; தோல்வியைப் பாடமாக வைப்போர் எத்தனை பேர்?

படிக்காத எலும்பு வைத்தியர்கள் சில நோயாளிகளைக் குணப்படுத்துவதைக் கண்டு மருத்துவர்கள் சினந்தபோது, சினப்பதை விட்டு அவர்கள் எதைச் சரியாகச் செய்கிறார்கள் என்று கற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் 1867இல் பாடம் நடத்தினார். கல்வி செருக்கைத் தரக்கூடாது என்பதற்கு இது சான்று.

பெயர் நிலைத்த நோய்கள்

1858இல் விக்டோரியா அரசியாரின் அறுவை மருத்துவர்களுள் ஒருவராக நியமனம் பெற்றார். 1861இல் தம் மருத்துவமனையில் முழுமையான அறுவை மருத்துவரானார். புகழ் உச்சியை எட்டிய வேளையில் 1871இல் பெரிய இடி விழுந்தது. ஒரு பிணத்தைச் சோதித்தபோது நஞ்சு அவர் உடலில் ஏறிவிட்டது. பல வாரங்கள் உயிருக்குப் போராடினார். பிழைத்தெழுந்ததும் என்ன செய்தார் தெரியுமா? தம் நோயையே பாடமாக்கி, பிணநஞ்சு பற்றி ஒரு கட்டுரை எழுதினார்! அவ்வாண்டே மருத்துவமனைப் பணியிலிருந்து விலகினார். அவ்வாண்டே அரசியார் அவருக்குப் பாரனெட் பட்டம் அளித்தார்.

ஓய்வு பெற்ற பின்னரே அவர் பெயரை நிலைநிறுத்திய இரு கண்டுபிடிப்புகள் வந்தன. மார்பகக் காம்பில் சிரங்குபோல் தோன்றும் புண்ணைத் தொடர்ந்து மார்பகப் புற்றுநோய் வருவதை ஏறத்தாழ பதினைந்து பெண்களிடம் கண்டு 1874இல் வெளியிட்டார். சிரங்கு என்று மருந்து தடவிக்கொண்டு காலத்தைக் கழிக்காதீர்கள் என்று இன்றும் மருத்துவர்கள் எச்சரிப்பதற்கு மூலம் அதுதான். 1877இல், எலும்புகள் தடித்து வளையும் ஒரு நோயைப் பற்றி எழுதினார். ஒரு நோயாளியை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பிறகே எழுதினார். அவருடைய தலை பெருக்கப் பெருக்க, தொப்பியை அடிக்கடி பெரிதாக்க வேண்டியிருந்ததையும் பேஜட் குறித்து வைத்திருந்தார். இவ்விரண்டும் பேஜட் நோய் என்றே இன்றும் வழங்குகின்றன.

1875இல் அறுவை மருத்துவர் கல்லூரியின் தலைவரானார். 1881இல் இலண்டனில் கூடிய அனைத்துலக மருத்துவ மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பாஸ்டர், லிஸ்டர், கோக், விர்க்கோ ஆகிய மேதைகள் அங்கே ஒன்றுகூடினர். 1883இல் இலண்டன் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். கட்டணம் கட்ட இயலாத மாணவர் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர் ஆனார்!

ஆயிரம் மாணவர்களின் கதை

கல்லூரி மாணவர்களாகிய நமக்கு மிகவும் உரிய செய்தி ஒன்று. தம்மிடம் பயின்ற 1,000 மாணவர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று பேஜட் கணக்கெடுத்து 1869இல் வெளியிட்டார். அவர்களுள் 23 பேர் மிகச் சிறந்த வெற்றி பெற்றார்கள். 66 பேர் குறிப்பிடத்தக்க வெற்றி. 507 பேர் நல்ல அளவான வெற்றி. 124 பேர் மிகக் குறைந்த வெற்றி. 56 பேர் முழுத் தோல்வி. 96 பேர் தொழிலையே விட்டுவிட்டார்கள். 41 பேர் படிக்கும்போதே இறந்தார்கள். தொழில் தொடங்கிய பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் 87 பேர்.

இக்கணக்கை எண்ணிப் பாருங்கள். சரிபாதிக்கு மேற்பட்டோர் பெரும்புகழ் பெறாவிட்டாலும் நேர்மையாகத் தொழில் செய்து நல்வாழ்வு வாழ்ந்திருக்கிறார்கள். ஒரு மாணவனின் முடிவைத் தீர்மானிப்பது பெரிதும் அவனுடைய முயற்சியும் குணமுமே என்பது பேஜட் கண்ட முடிவு. 

புதிர் அவிழ்ந்தது

1895இல் லிடியா அம்மையார் மறைந்தார். 1899ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் பேஜட்டும் கண்ணை மூடினார். அவர் ஆண் மக்கள் நால்வருள் ஒருவர் வழக்கறிஞர், இருவர் பேராயர்கள், ஸ்டீவன் பேஜட் என்பவர் தந்தையைப் போல் அறுவை மருத்துவர். புற்றுநோய் உடலில் பரவுவதை விதைக்கும் மண்ணுக்கும் உள்ள உறவாக 1889இல் விளக்கியவர் இந்த ஸ்டீவன்தான்.

பேஜட் விட்டுச் சென்ற புதிருக்கு விடை கிடைக்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1924இல் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நோயியலறிஞர் பியேர் மாசோன், நகத்தடியில் தோன்றிய வலிமிகு கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நம் விரல் நுனித் தோலில் குளோமஸ் என்ற மிகச் சிறிய உறுப்பு பல உண்டு. குளிரிலும் வெப்பத்திலும் குருதி ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து வெப்பத்தைச் சீர்செய்யும் மடைகள் அவை. அம்மடையைச் சூழ்ந்த தசை இயல்புடைய உயிரணுக்கள் பெருகுவதால் வருவதே இக்கட்டி என்று காட்டினார். குளிர்ந்த நீர் பட்டால் ஏன் வலிக்கிறது என்பதும் புரிந்தது. கட்டியினுள் நுண்ணிய நரம்பிழைகள் உண்டு. நகத்துக்கும் எலும்புக்கும் இடையே அது விரிய இடமும் இல்லை.

தோலடி வலிக்கட்டி என்று முன்னோர் ஒரே பெயரில் அழைத்தவை எல்லாம் குளோமஸ் கட்டிகள் அல்ல. அவற்றுள் நரம்புக் கட்டி, குருதிக் குழாய் மிகுந்த கொழுப்புக் கட்டி, மென்தசைக் கட்டி, வியர்வைச் சுரப்பிக் கட்டி எனப் பலவும் உண்டு என்று இன்று பிரித்தறிகிறோம்.

குளோமஸ் கட்டியைக் கண்டறிய மூன்று அடையாளங்கள் போதும். கடும் வலி ஒன்று. ஒரே புள்ளியில் தொட்டால் துடிப்பது மற்றொன்று. குளிர் தாங்காமை மூன்றாவது. குண்டூசியின் தலையால் விரலை அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போனால் ஒரு புள்ளியில் மட்டும் நோயாளி கையை வெடுக்கென்று இழுப்பார். ஒரு நூலிழை தள்ளி அழுத்தினால் ஒன்றும் இராது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கிக் குருதியை நிறுத்தினால் வலி மறையும், தளர்த்தினால் திரும்பும். சில வேளை நகத்தின் வழியே நீலப்புள்ளி தெரியும். இன்று எம்.ஆர்.ஐ. படமும் ஒலியலைப் படமும் துணை செய்கின்றன. ஆனால் படத்தில் தெரியாத மிகச் சிறு கட்டியும் குண்டூசித் தலைக்கு அகப்படுவதுண்டு.

மருத்துவம் எளிது. விரல் மரத்துப்போக ஊசி போட்டு, குருதி வராமல் விரலின் அடியைக் கட்டி, நகத்தைத் தூக்கி, நகப்படுகையைக் கீறி, கட்டியைத் துணுக்கும் விடாமல் எடுத்துவிட்டு மெல்லிய நூலால் தைக்கிறார்கள். சில இடங்களில் நகத்தைத் தொடாமல் பக்கவாட்டில் கீறியும் எடுக்கிறார்கள். துணுக்கு எஞ்சினால் மீண்டும் வளரும். பெரும்பாலும் இது புற்றுநோய் அன்று. எடுத்த கட்டியை நோயியல் சோதனைக்கு அனுப்புவது கட்டாயம். வலியில்லாக் கட்டி தீங்கற்றது என்றும் எண்ணிவிடக்கூடாது. ஆழத்தில் இருந்து வளர்ந்துகொண்டே போகும் கட்டி வலிக்காவிட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நமக்கு ஒரு சொல்

நோயின் மூலத்தைத் தேடச் சொன்ன வள்ளுவர் பிறந்த மொழியைப் பேசுபவர்கள் நாம். தேடுவதற்கு முதலில் நம்ப வேண்டும். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், எங்கே என்று கேட்டு, அந்த இடத்தைப் பொறுமையாக நோக்க வேண்டும். உடற்கூறு அறையில் எல்லாரும் கண்ட வெண்புள்ளியை ஒரு மாணவர் நின்று நோக்கினார். உலகுக்கு ஒரு புழு தெரிந்தது. எல்லாரும் தூசி தட்டிய சீசாக்களை எடுத்து நோக்கினார். கட்டிகளின் இயல்பு தெரிந்தது.

நாம் அனைவரும் மருத்துவராகப் போவதில்லை. ஆசிரியராகலாம், அலுவலராகலாம், இல்லத்தரசியாகலாம். நம்மிடமும் ஒரு நாள் ஒருவர் வந்து, வெளியே தெரியாத ஒரு துன்பத்தைச் சொல்வார். அன்று நாம் கண்டுவிட்டுப் போகப்போகிறோமா, நின்று நோக்கப்போகிறோமா? பேஜட்டின் வாழ்க்கை நம்மைக் கேட்கும் கேள்வி இதுவே.